மூலிகைத் தேநீரும் மனப்பதற்றமும்: ஒரு கோப்பை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மூலிகைத் தேநீர்ப் பெட்டிகளின் மேல் “அமைதி”, “நிம்மதி”, “இனிய இரவு” என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது, இவை யாருடைய கவலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாளைக்கு நேர்காணல் என்பதால் இன்றிரவு வயிற்றைப் பிசைகிற கவலை ஒரு வகை. இன்ன காரணம் என்று பிடிபடாமல், ஒன்று தீர்ந்தால் இன்னொன்று முளைத்து, ஆறு மாதத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனத்தை அரித்துக்கொண்டே இருப்பது வேறு வகை; மனநல மருத்துவம் இதைப் பொதுவான பதற்றக் கோளாறு என்கிறது. முதல் வகைக்கு ஒரு கோப்பை வெந்நீரே சற்று ஆறுதல் தரக்கூடும். இரண்டாம் வகையில் இருப்பவருக்குப் பெட்டியின் மேலுள்ள அந்த ஒற்றைச் சொல் வெறுப்பைத்தான் ஏற்படுத்தும்.

நான் இயல்பிலேயே கவலைப்படுகிற ஆள். மாலையில் மூலிகைத் தேநீர் குடிக்கும் பழக்கமும் நெடுங்காலமாக உண்டு. அதனால் இந்தச் செடிகளைப் பற்றிய ஆய்வுகளைக் கையில் கிடைக்கும்போதெல்லாம் படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆய்வுக்கூடங்கள் சோதித்துப் பார்த்தவற்றில் மிகப் பெரும்பாலானவை மாத்திரைகளும் சாறுகளும் எண்ணெய்களும்தான். தேநீராகவே கொடுத்துச் சோதித்தவை அரிது. ஆகவே அந்த முடிவுகளை அப்படியே கோப்பைக்கு மாற்றி எழுதுவது சரியாகாது. அதே சமயம், கோப்பையிலிருந்து நமக்குக் கிடைக்கிற நன்மையில் கணிசமான பங்கு அந்த ஆய்வுகள் அளக்காத இடங்களிலிருந்து வருகிறது என்றும் நினைக்கிறேன்.

கெமோமைல் எனப்படும் சீமைச்சாமந்தியிலிருந்து தொடங்குவதே முறை. தேநீராகக் குடிக்கிற மூலிகைகளில் ஓரளவு நல்ல சான்றுகள் உள்ளவற்றுள் இதுவும் ஒன்று. இதன் பூவில் அபிஜெனின் என்ற தாவர வேதிப்பொருள் இருக்கிறது. மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற கடத்தியோடு தொடர்புடைய ஏற்பிகளில், டயசிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் போய் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில் அபிஜெனினும் ஒட்டக்கூடும் என்று 1995-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அது எலிகளில் செய்யப்பட்டது. இணையத்தில் “கெமோமைல் இயற்கையான டயசிபாம்” என்று எழுதுகிறவர்கள் பலரும் இந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். எலியிலிருந்து மனிதருக்கும், தூய வேதிப்பொருளிலிருந்து பூ ஊறிய நீருக்கும் இடையே உள்ள தொலைவு அந்த வரியில் காணாமல் போய்விடுகிறது.

மனிதர்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2009-இல் வெளிவந்த முதல் ஆய்வில், மிதமான பதற்றக் கோளாறு உள்ள 57 பேர் எட்டு வாரம் கலந்துகொண்டார்கள். சிலருக்குக் கெமோமைல் சாறு அடைத்த குப்பி மாத்திரை (காப்ஸ்யூல்), சிலருக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. பதற்றத்தை அளக்க ஹாமில்டன் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். 1959-இல் உருவான அந்த அளவுகோலில் மனக்கலக்கம், தசை இறுக்கம், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று 14 அம்சங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் நான்கு மதிப்பெண், மொத்தம் 56. கெமோமைல் எடுத்துக்கொண்டவர்களின் மதிப்பெண் போலி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. வேறுபாடு பெரிதல்ல, ஆனாலும் புள்ளியியல் ஒப்புக்கொள்ளும் வேறுபாடு.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2016-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இன்னும் பெரியது. எனக்கு அதிகமாகப் பிடித்ததும் அதுதான். முதலில் 179 பேருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் சாற்றைப் 12 வாரம் கொடுத்தார்கள். அதில் நல்ல பலன் கண்ட 93 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கெமோமைலையும் மறு குழுவுக்குப் போலி மாத்திரையையும் மேலும் 26 வாரம் கொடுத்துவந்தார்கள். கெமோமைல் குழுவில் 15.2 சதவீதத்தினருக்கும் போலிக் குழுவில் 25.5 சதவீதத்தினருக்கும் பதற்றம் திரும்பவும் தலைதூக்கியது. பார்வைக்குப் பெரிய இடைவெளி போலத் தெரிந்தாலும், கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கைக்கு அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே கணக்கின் தீர்ப்பு. ஆனால் தொடர்ந்து கெமோமைல் எடுத்தவர்களின் அறிகுறிகள் அந்தக் காலம் முழுவதும் குறைவாகவே இருந்தன என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. மீண்டும் வராமல் தடுக்கும் என்று சொல்ல முடியாது, இருப்பதைத் தணிக்கிறது என்று சொல்லலாம். இப்படிச் சொன்னால் யாரும் பெட்டி வாங்கமாட்டார்கள் என்பதால்தான் பெட்டியின் மேல் வேறு மாதிரி அச்சிடுகிறார்கள் போலிருக்கிறது.

இனி கோப்பைக்கு வருவோம். ஐரோப்பிய மருந்து முகமை கெமோமைல் தேநீருக்குப் பரிந்துரைக்கும் அளவு, 150 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 1.5 முதல் 4 கிராம் வரை உலர்ந்த பூ, நாளுக்கு மூன்று நான்கு வேளை. அந்தப் பரிந்துரையும் பதற்றத்துக்காகத் தரப்பட்டதல்ல, வயிற்று உபாதைகளுக்கானது. கடைகளில் கிடைக்கும் பைகள் பலவற்றில் ஒன்று அல்லது ஒன்றரை கிராம்தான் இருக்கும். அதையும் பெரிய குவளை நிறைய வெந்நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்துவிட்டால், கிடைப்பது மஞ்சள் நிறமுள்ள வெந்நீர் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் தனிப் பூவையே வாங்குகிறேன். குவித்த மேசைக்கரண்டி ஒன்றைச் சிறிய கோப்பையில் போட்டு, கொதித்து அடங்கிய நீரை ஊற்றி, தட்டால் மூடிப் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். மூடுவதுதான் இதில் முக்கியம். தட்டைத் திறந்து திருப்பிப் பார்த்தால் அடியில் நீர்த்துளிகள் கோத்திருக்கும். அவற்றை விரலால் தொட்டு முகர்ந்தால், கோப்பையில் இருப்பதைவிடக் கூர்மையான, ஆப்பிளை நினைவூட்டும் மணம் வரும். ஆவியாகக் கூடிய எண்ணெய் அந்தத் துளிகளில் இருக்கிறது. தட்டைச் சாய்த்து அவற்றைக் கோப்பைக்குள்ளேயே வடித்துவிட வேண்டும். திறந்து வைத்து ஆறவிடுகிறவர் அதை அறைக்குத் தானம் செய்துவிடுகிறார்.

இலையும் பூவும் இப்படி ஊறினால் போதும்; வேரும் பட்டையும் அப்படி இளகிக் கொடுக்காது, அவற்றைக் கொதிக்க வைத்துக் கஷாயமாகத்தான் இறக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் அடைத்து விற்கும் கலவைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்: பூவுக்குப் பொருந்தும் நேரத்தில் எடுத்தால் வேர் பச்சையாகவே இருக்கும், வேருக்காகக் கொதிக்கவிட்டால் பூவின் மணம் முழுக்கப் போய்விடும்.

பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் “மரபுவழிப் பயன்பாடு” என்ற தொடரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டப்படியான பொருள் உண்டு. ஒரு மூலிகை குறைந்தது 30 ஆண்டுகள், அதில் 15 ஆண்டுகளாவது ஒன்றியத்துக்குள், மருந்தாகப் பயன்பட்டு வந்திருந்தால், மருத்துவப் பரிசோதனையில் பலன் நிரூபிக்கப்படாவிட்டாலும் அதை இந்தப் பிரிவில் பதிவு செய்யலாம். நீண்ட காலம் பயன்பட்டது, பெரிய தீங்கு தெரியவரவில்லை, பலன் இருக்கக்கூடும் என்பதுதான் அந்தத் தொடரின் முழு அர்த்தம். வலேரியன், லெமன் பாம், பேஷன் ஃப்ளவர் ஆகிய மூன்றின் தேநீரும் லேசான மன அழுத்த அறிகுறிகளுக்கு இந்தப் பிரிவின் கீழ்தான் வருகின்றன.

பேஷன் ஃப்ளவர் கொடிக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது: அதைத் தேநீராகவே கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2011-இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில் 41 இளைஞர்கள் ஒரு வாரம் பேஷன் ஃப்ளவர் தேநீரும், இடைவெளி விட்டு, இன்னொரு வாரம் போலித் தேநீரும் குடித்துவிட்டுத் தங்கள் தூக்கத்தைப் பற்றித் தினமும் குறிப்பெழுதினார்கள். போலித் தேநீருக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது பார்ஸ்லி இலை என்று படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் தேநீருக்குப் போலி தயாரிப்பது எவ்வளவு சிரமம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மணமும் சுவையும் நிறமும் உள்ள ஒன்றுக்குப் பதிலாக, குடிப்பவர் கண்டுபிடிக்க முடியாதபடி ஒன்றுமில்லாததைக் கொடுப்பது எப்படி? மாத்திரை ஆய்வுகள் குவிந்திருப்பதற்கும் தேநீர் ஆய்வுகள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதற்கும் இந்தச் சிக்கல் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். பேஷன் ஃப்ளவர் குடித்த வாரத்தில் தூக்கத்தின் தரம் சற்று மேம்பட்டதாக அவர்கள் குறித்திருந்தார்கள். அது தூக்கத்தைப் பற்றிய முடிவு, பதற்றத்தைப் பற்றியதல்ல. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை என்பதால் முற்றிலும் தொடர்பற்றது என்றும் தள்ள முடியாது.

பதற்றத்துக்கே இந்தக் கொடியைச் சோதித்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் உண்டு. தெஹ்ரானில் 36 நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பேஷன் ஃப்ளவர் சாற்றுத் துளிகளையும் மறுபாதிப் பேருக்கு டயசிபாம் வகையைச் சேர்ந்த ஆக்ஸாசிபாம் மாத்திரையையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். முடிவில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தன. மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. ஆனால் அதை எடுத்தவர்களுக்கு வேலையில் தடுமாற்றம் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டுப் “பேஷன் ஃப்ளவர் மாத்திரைக்குச் சமம்” என்று முழங்குவதற்கு முன், 36 பேர் என்ற எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எதுவுமே கொடுக்காத மூன்றாவது குழு ஒன்றும் அதில் இல்லை. நான்கு வாரத்தில் தானாகவே தணிந்திருக்கக்கூடிய பதற்றம் எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

லெமன் பாம் இலை, சுவையை வைத்துச் சொன்னால், இவை எல்லாவற்றிலும் இனிமையானது. எலுமிச்சையின் புளிப்பு இல்லாத எலுமிச்சை மணம். பிரிட்டனில் 2004-இல் நடந்த ஒரு பரிசோதனையில் ஆரோக்கியமான 18 பேருக்கு இதன் சாற்றைக் கொடுத்துவிட்டு, கணினித் திரையில் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யச் சொல்லி வேண்டுமென்றே எரிச்சலூட்டினார்கள். 600 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட நாளில் அவர்களுடைய அமைதி கூடியிருந்தது, விழிப்பு சற்றுக் குறைந்திருந்தது. வேலைநாளின் பிற்பகலில் குடிக்க இது ஏற்றதா என்று யோசிப்பவர்கள் அந்த இரண்டாவது பாதியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வலேரியன் வேரைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. துவைக்காத காலுறையின் நாற்றம் அதற்கு. ஐசோவலேரிக் அமிலம் செய்கிற வேலை அது. பதற்றக் கோளாறுக்கு வலேரியனைப் பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பார்த்த 2006-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வுக்குத் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிடுவது) தகுதியான ஆய்வு ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, அதிலும் 36 பேர்தான். முடிவு சொல்லப் போதாது என்று எழுதிவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். லாவெண்டருக்கு நல்ல சான்றுகள் உண்டு. 2010-இல் டயசிபாம் வகை மாத்திரையான லோரசிபாமோடு ஒப்பிட்டு 77 பேரிடம் நடந்த ஆறு வார ஆய்வில் அது சளைக்காமல் நின்றது. ஆனால் அது முழுக்க முழுக்க எண்ணெய் அடைத்த குப்பி மாத்திரை. லாவெண்டர் பூவைப் போட்டுக் குடிக்கிற தேநீருக்கு அந்தப் பெருமையை ஏற்றுவது நியாயமில்லை. அதை நிறைய ஊறவிட்டால் சோப்பைக் கரைத்துக் குடித்தது போலவும் இருக்கும்.

துளசியையும் அமுக்கராவையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அவை இரண்டும் வெவ்வேறு எடையுள்ளவை. துளசி இலைச் சாற்றைப் பற்றி 2022-இல் வெளிவந்த ஆய்வில் 100 பேர் எட்டு வாரம் கலந்துகொண்டார்கள். சாறு எடுத்தவர்கள் தங்களுக்கு அழுத்தம் குறைந்ததாகச் சொன்னதோடு, அவர்களுடைய முடியில் அளந்த கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. அன்றாடம் நான்கைந்து இலையை வெந்நீரில் போட்டுக் குடிப்பதற்கு இது நேரடிச் சான்றாகாது, என்றாலும் நல்ல திசையில் காட்டும் குறிப்பு. அமுக்கரா வேருக்கு இதைவிடக் கூடுதல் ஆய்வுகள் இருக்கின்றன, பலனும் தெரிகிறது. ஆனால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன, டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. தேநீர் என்ற மென்மையான பெயரில் அதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்வதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

கல்லீரல் என்று வந்துவிட்டதால் காவாவையும் சொல்ல வேண்டும். ஃபிஜி, டோங்கா, வனுவாட்டு போன்ற பசிபிக் தீவுகளில் அதன் வேரை இடித்துக் குளிர்ந்த நீரில் பிசைந்து, வடிகட்டிக் கூடி அமர்ந்து குடிக்கிறார்கள். பதற்றத்தைக் குறைக்கும் மூலிகை என்று ஒரு காலத்தில் எல்லோரும் முதலில் சுட்டியது இதைத்தான்; போலி மருந்தைவிட இதற்குச் சிறிய அளவில் பலன் உண்டு என்று 2003-இன் காக்ரேன் மதிப்பாய்வும் சொன்னது. இதற்கிடையில் கல்லீரல் பாதிப்புப் புகார்கள் சேர்ந்து ஜெர்மனி 2002-இல் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. 2014-இல் அந்த முடிவை அந்நாட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. சர்ச்சை ஓய்ந்த பாடில்லை. பிறகு, 171 பேரிடம் 16 வாரம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில் காவா போலி மாத்திரையை மிஞ்சவில்லை. கல்லீரல் பரிசோதனை முடிவுகளும் காவா குழுவில்தான் அதிகம் கோணலாகின. எனக்கு அதோடு அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது.

செடிகளின் கதை இவ்வளவு. இனி, ஆய்வுகள் அளக்காத பக்கம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். மூலிகைத் தேநீருக்கு மாறியதும் பதற்றம் குறைந்தது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, அதற்கு முன் அந்த நேரத்தில் என்ன குடித்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் பதில் காபி, அல்லது திடமான தேநீர். கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. ஆனால் பதற்றத்துக்கு ஆளாகிறவர்கள் பலருக்கு அதில் பாதி போதும், நெஞ்சு படபடக்கவும் கை நடுங்கவும் தொடங்கிவிடும். அந்தப் படபடப்பை மனம் சும்மா விடாது: ஏதோ தப்பாக நடக்கப் போகிறது என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு கவலையைப் பின்னத் தொடங்கும். இந்தச் சுழலில் மூலிகைத் தேநீரின் பங்கு என்ன? அது எதையும் சேர்த்திருக்க வேண்டியதில்லை. கோப்பையிலிருந்து கஃபீனை எடுத்துவிட்டதே பெரிய காரியம்.

இதில் ஒரு எச்சரிக்கை. நிறையக் காபி குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் வரும்; இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அந்த இரண்டு நாளில் கெமோமைலைக் குடித்துப் பார்த்து “இது எனக்கு ஒத்துவரவில்லை” என்று பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். மாலைக் கோப்பையை மட்டும் முதலில் மாற்றிவிட்டு, காலைக் காபியைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பது நல்லது. பச்சைத் தேநீரில் உள்ள தியனைன் அமைதி தரும் என்பதும் பாதி உண்மைதான். அந்த ஆய்வுகளில் பொதுவாகக் கொடுக்கப்பட்ட 200 மில்லிகிராமை எட்ட வேண்டுமானால் பல கோப்பைகள் குடிக்க வேண்டும், அத்தனை கோப்பைக் கஃபீனும் கூடவே வந்து சேரும்.

அடுத்தது, தேநீர் தயாராகும் நேரம். நீர் கொதிக்க, பூ ஊற, சூடு ஆற என்று கால் மணி நேரம் போய்விடும். ஊதி ஊதிக் குடிக்கும்போது மூச்சு தானாகவே நீண்டு வெளியேறும். பதற்றக்காரர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்கள் வற்புறுத்துவதும் இந்த நீண்ட வெளிமூச்சைத்தான். (ஊதுவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது.) எல்லாமே இந்தச் சடங்கின் பலன்தான், செடிக்கு வேலையே இல்லை என்று வாதாடலாமா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் செய்யப்பட்ட ஒரு சோதனை அதற்குக் குறுக்கே நிற்கிறது. அங்கே 75 ஆண்களுக்கு ஆறு வாரம் கொடுக்கப்பட்ட பானத்தில் பாதிப் பேருக்குக் கறுப்புத் தேயிலையின் பொருள்கள் இருந்தன, மற்றவர்களுக்கு அதே நிறத்தில், அதே அளவு கஃபீனுடன் போலி. பழச்சுவை சேர்த்துத் தேநீரின் மணத்தையும் ருசியையும் மறைத்துவிட்டார்கள். பின்னர் எல்லோரையும் ஒரு நெருக்கடியான வேலைக்கு உட்படுத்தினார்கள். நெருக்கடி நேரத்தில் இரு தரப்பும் ஒரே மாதிரிதான் கலங்கின. ஆனால் 50 நிமிடம் கழித்து அளந்தபோது தேயிலைக் குழுவின் கார்ட்டிசோல் 47 சதவீதம் குறைந்திருந்தது, போலிக் குழுவில் 27 சதவீதம்தான். கோப்பையும் மணமும் இல்லாமலே இலை ஏதோ செய்திருக்கிறது. ஆகவே சடங்கைப் பற்றி நான் சொல்வதையும் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் போலி மருந்தின் பலனை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், பாதிப் பேரிடம் “இதில் மருந்து எதுவும் இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில், எதுவும் எடுக்காதவர்களைவிட அவர்களுக்கு நிவாரணம் கூடுதலாக இருந்தது. தெரிந்தே செய்கிற ஒரு சிறு கவனிப்புக்குக்கூட உடல் பதில் சொல்கிறது.

மாலைத் தேநீரை நான் பயன்படுத்துவது இன்னொரு பழைய உத்தியோடு சேர்த்து. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய சகாக்களும் 1983-இல் எழுதிய முறை அது: நாள் முழுவதும் வரும் கவலைகளை வந்தவுடன் ஆராயாமல் தள்ளிவைத்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் அவற்றுக்காகவே உட்கார வேண்டும். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், “இப்போது வேண்டாம், ஆறு மணிக்குப் பார்க்கலாம்” என்பது “கவலைப்படாதே” என்பதைவிட மனத்துக்கு எளிதான கட்டளை. அந்த அரை மணிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டுமே. எனக்குத் தட்டைத் திறப்பது தொடக்கம், கோப்பையைக் கழுவி வைப்பது முடிவு. காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருக்கும், கைப்பேசி இருக்காது.

இதே கோப்பை எதிரியாகவும் மாறலாம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பதற்றத்துக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் “பாதுகாப்பு நடத்தை” என்று ஒன்றைச் சொல்வார்கள்: பயத்தைத் தவிர்க்க நாம் பிடித்துக்கொள்ளும் துணை, நாளடைவில் அது இல்லாவிட்டால் சமாளிக்கவே முடியாது என்ற நம்பிக்கையை வளர்த்துவிடும். வெளியூர் போகும் பையில் தேநீர்ப் பைகள் இருக்கின்றனவா என்று மூன்று முறை சரிபார்ப்பவர், கூட்டத்தில் பேசுவதற்கு முன் அதைக் குடிக்காததால்தான் குரல் நடுங்கியது என்று நினைப்பவர், தேநீரை ரசித்துக் குடிக்கவில்லை. அப்போது சில நாட்கள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டுப் பார்ப்பதே சரி.

தீங்குகளையும் சொல்ல வேண்டும். “இயற்கையானது” என்ற சொல் அவற்றை மறைத்துவிடுகிறது. கெமோமைல் சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தக் குடும்பத்துச் செடிகள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துவந்த 70 வயதுப் பெண்மணி ஒருவர், சளிக்காகக் கெமோமைல் தேநீரும் கால் வீக்கத்துக்குக் கெமோமைல் களிம்பும் பயன்படுத்தியதில் உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனைக்கு வந்ததைக் கனடாவின் மருத்துவ இதழ் ஒன்று 2006-இல் பதிவு செய்தது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடி கலவைகளில் இருந்தால் இன்னும் கவனம் தேவை: கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டுக் கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகள் ஆகியவற்றின் வீரியத்தை அது குறைத்துவிடும், மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் செரோடோனின் அளவு மீறி ஆபத்தாகும். வலேரியன், பேஷன் ஃப்ளவர் போன்றவை தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் மயக்கம் கூடும், அதன்பின் வண்டி ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இவற்றுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதிமதுரம். இனிப்புக்காகப் பல “அமைதி”க் கலவைகளில் அதைச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள கிளைசிரைசின் அதிகமானால் உடலில் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டல். பதற்றத்துக்காகத் தேநீர் குடித்து, அதனால் நெஞ்சு படபடத்து, அது பதற்றம் என்று எண்ணி இன்னொரு கோப்பை குடிப்பவரை நினைத்துப் பாருங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் எழுதியிருப்பதைவிட, பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் பொருட்பட்டியல்தான் படிக்க வேண்டியது.

தேநீரோடு நின்றுவிடக் கூடாத நிலை எது என்று கணிக்க, 2006-இல் வெளியான ஏழு கேள்விப் படிவம் ஒன்று மருத்துவர்களிடம் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் கவலையைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது எத்தனை நாள், நிம்மதியாக உட்கார முடியாமல் போனது எத்தனை நாள் என்பன போன்ற கேள்விகள். மொத்தம் 21 மதிப்பெண், பத்தோ அதற்கு மேலோ வந்தால் முறையான பரிசோதனை தேவை. தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் ரத்தசோகையும் பதற்றத்தைப் போலவே வேடமிட்டு வரும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் வீண்போகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் படிவத்துக்கெல்லாம் காத்திராமல் அன்றே உதவி தேட வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு யாரும் தேநீரைச் சொல்வதில்லை. குடிக்கிற தேநீரின் பெட்டியைக் கையோடு எடுத்துப்போய், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை, எத்தனை நிமிடம் ஊறவைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.